கடனில் விழுந்த விவசாயி நாணயத்தை மீட்பது எப்படி?

விவசாயிக்கு நிலமும் மாடும் கிணறும் மட்டுமே முதல் அல்ல. “சொன்ன தேதியில் கொடுத்துவிடுவார்” என்று ஊரார் வைத்திருக்கும் நம்பிக்கையும் முதல்தான். கிராமத்துப் பெரியவர்கள் இதை நாணயம் என்பார்கள். நிலம் போனால் குத்தகைக்கு எடுத்தாவது உழலாம். நாணயம் போனால் விதைக்கும் உரத்திற்கும் கை நீட்ட இடமிராது. ஆனால் ஒருமுறை போன நாணயம் திரும்பவே திரும்பாது என்று எண்ணுவது தவறு. அதை மீட்க வழி உண்டு. அந்த வழி எது, எது அல்ல என்பதைச் சிறு விவசாயிகள் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரத்தில் கோவளம், முட்டுக்காடு, தையூர், கேளம்பாக்கம், திருப்போரூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். ஏரிப் பாசனத்தில் நெல், மணற்பாங்கில் சவுக்கு, கிணற்றடியில் கீரையும் காய்கறியும் என்று சிறிய அளவில் பயிர் செய்வோர் இங்கு இன்னமும் இருக்கின்றனர். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி, 2015-ல் பெருவெள்ளம், 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று இக்கரை அடுத்தடுத்து அடி வாங்கியது. ஒரு போகம் கெட்டால் கடன். இரண்டு போகம் கெட்டால் கடனுக்கு வட்டி. மூன்றாவது போகம் கெட்டால் வட்டிக்கு வேறொரு கடன். பெரும்பாலான விவசாயிகள் கடனில் மூழ்கியது இப்படித்தான், ஊதாரித்தனத்தால் அல்ல.

ஐ.பி. கொடுத்தால் தீருமா?

கழுத்தளவு கடன் வந்ததும் யாராவது ஒருவர், “பேசாமல் ஐ.பி. கொடுத்துவிடு, மஞ்சள் கடுதாசி அனுப்பிவிடு, ஒரு பயலும் கேட்க மாட்டான்” என்று யோசனை சொல்வார். இந்த யோசனையை ஏற்பதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

சென்னை நகர எல்லைக்கு 1909-ம் ஆண்டுத் திவால் சட்டமும், அதற்கு வெளியே உள்ள பகுதிகளுக்கு 1920-ம் ஆண்டு மாகாணத் திவால் சட்டமும் பொருந்தும். கோவளம் விவசாயிக்கு உரியது 1920-ம் ஆண்டுச் சட்டமே. 2016-ல் புதிய திவால் சட்டம் வந்தது உண்மை. ஆனால் தனி மனிதருக்கான அதன் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்கள் நீங்கலாக, மற்றவர்களுக்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

திவால் மனு ஏற்கப்பட்டால் கடன்காரரின் சொத்து நீதிமன்றத்தின் வசமோ, அது நியமிக்கும் ரிசீவர் வசமோ போய்விடும். அதை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுவார்கள். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் மனைவி பெயருக்கோ தம்பி பெயருக்கோ இனாமாக எழுதி வைத்த சொத்தையும் ரிசீவர் திரும்பக் கேட்கலாம். ஈட்டுக் கடன் கொடுத்தவரின் உரிமை அப்படியே இருக்கும். அரசுக்குச் சேரவேண்டிய பாக்கியும், மோசடியால் ஏற்பட்ட கடனும், திவாலிலிருந்து விடுதலை பெற்றாலும் நீங்கா. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜாமீன் போட்டவரைச் சட்டம் விடுவிப்பதில்லை. நம்பிக் கையெழுத்துப் போட்ட பக்கத்து வயல்காரர் தலையில் முழுச் சுமையும் இறங்கும்.

திவால் ஆனவர், விடுதலை பெறும் வரை, தமது நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் அது குற்றம். நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் விடுதலைக்கு மனுச் செய்யாமல் விட்டால் திவால் உத்தரவே ரத்தாகிவிடும். பழைய கடன்கள் மறுபடி தலைதூக்கும். மஞ்சள் கடுதாசியோடு வேலை முடிந்தது என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவது பெரும் பிழை.

சட்டத்தில் ஆறுதலான பகுதியும் உண்டு. விவசாயம் செய்து பிழைப்பவரின் குடியிருப்பு வீடு, கலப்பை முதலான கருவிகள், உழவு மாடு, விதைத் தானியம் ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு கூறுகிறது. இவை திவாலிலும் ரிசீவர் வசம் போகா. ஆனால் வீட்டையே ஈடாக எழுதிக் கொடுத்திருந்தால் அந்த ஈட்டுக்காரரிடம் இப்பாதுகாப்புச் செல்லாது.

கோவளம் வட்டாரத்தில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கடனைத் தீர்க்க வகையற்றவருக்குத்தான் திவால் மனு. சாலையும் கட்டடங்களும் வந்தபின் இங்கு நிலத்தின் விலை எங்கோ போய்விட்டது. அரை ஏக்கர் சொந்த நிலம் உள்ளவரின் கடன், பெரும்பாலும் நிலத்தின் மதிப்பில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். அப்படிப்பட்டவர் ஐ.பி. கொடுப்பது, சில சென்ட் விற்றுத் தீர்க்க வேண்டிய கடனுக்கு முழு நிலத்தையும் பிறர் கையில் ஒப்படைப்பதாகும். நிலமே இல்லாத குத்தகைதாரருக்கு, வேறு வழியே இல்லாதபோது, திவால் சட்டம் ஓரளவு நிழல் தரும். நிலம் உள்ளவர் அதன் பக்கம் போகாமலிருப்பதே நலம்.

தள்ளுபடி நாணயம் ஆகாது

தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க் கடன் தள்ளுபடி 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. 2016-ல் சிறு, குறு விவசாயிகளுக்கு 5,780 கோடி ரூபாயும், 2021-ல் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு 12,110 கோடி ரூபாயும் தள்ளுபடி ஆயிற்று. இடையில் 2008-ல் மத்திய அரசின் தள்ளுபடியும் வந்தது. தத்தளித்தவர்களுக்கு இவை கைகொடுத்தன என்பதை மறுக்க இயலாது.

ஆனால் ஒவ்வொரு முறையும் மூன்று குறைகள் தெரிந்தன. குறித்த தேதியில் பாக்கி வைத்திருந்தவருக்கே பலன். நகையை விற்றாவது தவணையில் கட்டியவருக்கு ஒன்றுமில்லை. தனியாரிடம் வாங்கிய கந்துவட்டிக் கடனில் ஒரு காசும் குறையவில்லை. மூன்றாவது குறை பலர் கவனிக்காதது: தள்ளுபடி கணக்கை முடிக்குமே தவிர, கடன் வாங்கியவர் ஒழுங்காகக் கட்டுபவர் என்ற பெயரைத் தராது. அந்தப் பெயர் அவரவர் கட்டிய தவணைகளால் மட்டுமே வரும். அடுத்த தேர்தலை எதிர்பார்த்துச் சங்கக் கடனை நிறுத்தி வைப்பவர், வட்டியில்லாக் கடனை வட்டிக் கடனாக்கிக்கொள்கிறார். தள்ளுபடி வந்தால் பெற்றுக்கொள்ளட்டும். அதை நம்பி வரவு செலவு போடக் கூடாது.

முதல் வேலை: ஒரு நோட்டுப் புத்தகம்

“உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது” என்ற பழமொழியைச் சொல்லியே பலர் கணக்கு எழுதாமல் இருந்துவிடுகின்றனர். கடனில் விழுந்தவருக்கு இது பொருந்தாது. யாருக்கு, எவ்வளவு அசல், என்ன வட்டி, எந்தத் தேதியில் வாங்கியது, எதை ஈடு வைத்தது, யார் ஜாமீன், இதுவரை கட்டியது எவ்வளவு என்று ஒவ்வொரு கடனையும் தனித்தனிப் பக்கத்தில் எழுத வேண்டும். கைமாற்றாக வாங்கிய 500 ரூபாயும் அதில் இருக்க வேண்டும். வீட்டுப் பெண்களுக்குத் தெரியாமல் மறைத்த கடன்தான் பல குடும்பங்களைக் கவிழ்த்திருக்கிறது. ஆகவே கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து இதை எழுதுவது நல்லது.

எழுதியபின் வட்டியை ஆண்டுக் கணக்காக மாற்றிப் பார்க்கவும். நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் சிறிதாகத் தோன்றும். லட்ச ரூபாய்க்கு அது ஆண்டுக்கு 36,000 ரூபாய். ஐந்து வட்டி என்றால் 60,000 ரூபாய். அதே லட்ச ரூபாய் வங்கியில் கிசான் கடன் அட்டை வழியாக 7 சதவீதத்தில் கிடைத்தால் 7,000 ரூபாய். தவணையில் கட்டினால் 4,000 ரூபாய். கூட்டுறவுச் சங்கத்தில் கெடுவுக்குள் கட்டுபவருக்குப் பயிர்க் கடனுக்கு வட்டியே இல்லை. எனவே வட்டி மிகுந்த கடனும், நிலத்தை ஈடு வைத்த கடனும், பிறர் ஜாமீன் நின்ற கடனும் முதலில் தீர வேண்டியவை. கடனை அடைக்கக் கடன் வாங்கக் கூடாது என்பது பொது விதி. அதிக வட்டிக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றுவது ஒன்றே இதற்கு விலக்கு.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழ்நாட்டின் 2003-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தனிச் சட்டமும் வந்தது. மிரட்டலுக்குப் பயந்து நிலத்தில் கையெழுத்துப் போடுவதைவிடக் காவல் நிலையத்திலும் மாவட்ட ஆட்சியரிடமும் மனுக் கொடுப்பதே முறை.

பவர் பத்திரம் வேண்டாம்

கடலோர வட்டாரத்தில் கடன்பட்ட விவசாயியைத் தேடி வருபவர்கள் பலர். “இப்போதைக்குக் கடனை நான் அடைக்கிறேன், நம்பிக்கைக்கு ஒரு பவர் மட்டும் எழுதிக் கொடு” என்பார்கள். கடனுக்கு ஈடாகப் பவர் பத்திரமோ, கிரய ஒப்பந்தமோ, கிரயப் பத்திரமோ எழுதிக் கொடுப்பது, வேலியை எடுத்துவிட்டு மாட்டை நம்புவது போன்றது. கடன் அடைந்தபின் நிலம் திரும்பாமல் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடக்க நேரிடும். வெற்றுப் பத்திரத்திலும் புரோநோட்டிலும் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பதும் இதே வகை ஆபத்துதான்.

நிலத்தில் ஒரு பகுதியை விற்றுத்தான் தீர வேண்டும் என்றால் அதில் அவமானம் இல்லை. ஆனால் விலை விசாரித்து, வழிகாட்டி மதிப்பும் பார்த்து, அளந்து, தேவையான சென்ட் மட்டும் விற்க வேண்டும். பணம் வந்த அன்றே கடன்காரர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். நில விற்பனைப் பணத்தை வருமானம் என்று எண்ணிக் காரும் கல்யாணச் செலவும் செய்தவர்கள் நிலமும் இல்லாமல் கடனும் தீராமல் நிற்பதை இந்த வட்டாரமே கண்டிருக்கிறது.

தீர்த்ததற்குக் காகிதம் வேண்டும்

வங்கியில் பாக்கி நின்றுவிட்டால் ஒளிந்து திரிவது வழக்கம். இது கெடுதலையே செய்யும். பயிர் அழிந்த உடனே, கிராம நிர்வாக அலுவலரின் கணக்கெடுப்பு நடக்கும்போதே, வங்கிக்கும் சங்கத்துக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இயற்கைச் சீற்றத்தால் பெருமளவு சேதம் என்று அரசு ஏற்றுக்கொண்ட இடங்களில் தவணையை மாற்றி அமைக்க வழி உண்டு. குறுகிய காலப் பயிர்க் கடன் கெடு கடந்து இரண்டு போகம் ஆன பிறகே அது வாராக் கடன் பட்டியலுக்குப் போகும். அதற்குள் பேசியவருக்கு மதிப்பு இருக்கும்.

வழக்கு வரை போயிருந்தால் லோக் அதாலத்தில் சமரசம் பேசலாம். அங்கு முடிவான வழக்குக்கு மேல்முறையீடு இல்லை; கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமலும், மற்ற ஏழைகளுக்கு வருமான வரம்புக்குட்பட்டும் சட்ட உதவி ஆணைக்குழு இலவச உதவி அளிக்கிறது. 15100 என்ற தொலைபேசி எண்ணில் விவரம் பெறலாம்.

ஒரே தவணையில் குறைத்துக் கட்டி முடிக்கும் தீர்வை வங்கி முன்வைத்தால், தொகையும் தேதியும் குறித்த கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகே பணம் கட்ட வேண்டும். வாய்ச்சொல்லை நம்பக் கூடாது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறைத்துக் கட்டிய கணக்கு, கடன் தகவல் ஏட்டில் ‘முழுதும் தீர்ந்தது’ என்று பதிவாகாமல் ‘சமரசமாக முடிந்தது’ என்றே பதிவாகும்; புதிய கடன் கேட்கும்போது இது உறுத்தும். முடிந்தவர் முழுவதும் கட்டுவதே மேல். முடியாதவர் சமரசமாகவேனும் முடிப்பது, முடிக்காமல் விடுவதைவிட மேல்.

கட்டி முடித்ததும் பாக்கியில்லாச் சான்று, ஈடு வைத்த மூலப் பத்திரம், புரோநோட்டு, காசோலை ஆகியவற்றைத் திரும்பப் பெற வேண்டும். முழுதும் கட்டிய 30 நாட்களுக்குள் வங்கி மூலப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும், தனது தவறால் தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஈடு ரத்தான பதிவும் நடந்து, வில்லங்கச் சான்றில் அது தெரிய வேண்டும். அதுவரை கடன் தீர்ந்ததாக எண்ணக் கூடாது.

சிபில் ஏட்டைப் பார்க்கவும்

முன்பு நாணயத்தை ஊர் அறிந்திருந்தது. இப்போது அது கம்பியூட்டரில் ஏறிவிட்டது. சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொருவர் வாங்கிய கடனையும் கட்டிய தவணையையும் பதிந்து வைக்கின்றன. மதிப்பெண் 300 முதல் 900 வரை. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். படித்த பிள்ளைகளைக் கொண்டு இதை வாங்கிப் பார்ப்பது நல்லது. தள்ளுபடியான கடன் பாக்கியாகவே நிற்கலாம். ஒரே பெயருள்ள வேறொருவரின் கடன் ஏறியிருக்கலாம். ஜாமீன் நின்ற கடன் தவறி நிற்பதும் அதில் தெரியும். பிழை இருந்தால் வங்கிக்கும் அந்த நிறுவனத்துக்கும் புகார் எழுத வேண்டும். 30 நாட்களுக்குள் சரிசெய்யாவிட்டால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்க இடமுண்டு. காசு கொடுத்தால் மதிப்பெண்ணை ஏற்றித் தருவதாகச் சொல்லும் ஆசாமிகளை நம்ப வேண்டாம். உண்மையான பதிவை யாரும் அழிக்க முடியாது.

சிறிதாகத் தொடங்கி, தேதி தவறாமல்

பழைய கடன் முடிந்ததும் பெரிய கடனுக்கு ஓடக் கூடாது. முதலில் சங்கத்திலோ வங்கியிலோ மாதம் 500 ரூபாயேனும் தொடர் வைப்பாகப் போட்டு வரலாம். மனைவி மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் குழுவின் சிறு கடனைத் தேதி தவறாமல் கட்டலாம். அடுத்து, நிலத்துக்குக் கிடைக்கக்கூடிய முழுத் தொகையையும் கேட்காமல், விதை, உரத்துக்குத் தேவையான அளவு மட்டும் பயிர்க் கடன் வாங்கி, அறுவடையான வாரத்திலேயே கட்ட வேண்டும். ஒரே போகத்தில் பெயர் மாறிவிடாது. ஆனால் தவணை தவறாத ஒவ்வொரு போகமும் கணக்கில் ஏறும்.

வீட்டுச் செலவையும் சாகுபடிச் செலவையும் ஒரே பையில் போட்டுக் குழப்பக் கூடாது. பால், கீரை, முட்டை போன்ற அன்றாட வரவில் வீடு நடக்கட்டும். நெல், சவுக்கு போன்ற மொத்த வரவில் முதலில் அடுத்த போகத்து விதைச் செலவு, பிறகு கடன் தவணை, மிஞ்சியதே குடும்பத்துக்கு என்று வகுத்துக்கொள்ளலாம். பதிவில்லாத சீட்டுகளில் பணம் போடுவதும், பழைய முகதாட்சண்யத்துக்காகப் பிறருக்கு ஜாமீன் நிற்பதும் எழுந்து வரும் காலத்தில் அறவே ஆகா.

சங்கங்களின் கடமை

விவசாயிக்கு இத்தனை புத்தி சொல்லும்போது, கடன் கொடுக்கும் பக்கத்துக்கும் ஒரு சொல் உண்டு. 2025-ல் கூட்டுறவுச் சங்கப் பயிர்க் கடனுக்குச் சிபில் பார்ப்பது பற்றிய பேச்சு எழுந்தபோது விவசாயிகள் கடுமையாக எதிர்த்தனர். மதிப்பெண் கட்டாயமில்லை என்று அரசுத் தரப்பில் விளக்கம் வந்தது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. புயலில் பயிர் போனதால் கட்டாதவரையும், பணம் வைத்துக்கொண்டே கட்டாதவரையும் மதிப்பெண் ஒன்றாகவே காட்டும். மழை பெய்ததா என்று அதற்குத் தெரியாது. அது சங்கச் செயலாளருக்கும் உறுப்பினர்களுக்கும் தெரியும்.

1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த அதே ஆண்டில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் நாட்டின் முன்னோடிச் சங்கம் தொடங்கியது. வட்டிக்காரரிடமிருந்து உழவரை மீட்பதே அதன் நோக்கம். 1938-ல் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமும், அசலுக்கு இரு மடங்கு கட்டிய பழைய கடனைத் தீர்ந்ததாகவே கொள்ளச் செய்தது. விழுந்தவரைத் தூக்கிவிடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆகவே பழைய பாக்கியை முடித்து வருபவருக்கு அடுத்த போகத்திலேயே ஒரு சிறு தொகையைக் கடனாகத் தர ஒவ்வொரு சங்கமும் முன்வர வேண்டும். அவர் அதை ஒழுங்காகக் கட்டினால் அடுத்த முறை உயர்த்தட்டும். கதவை அடைத்துவிட்டால் அவர் மறுபடி மீட்டர் வட்டிக்குத்தான் போவார். சங்கம் ஓர் உறுப்பினரை இழக்கும், ஊர் ஒரு வயலை இழக்கும்.

கடன்படுவது குற்றமல்ல. கணக்கை மறைப்பதும், கையெழுத்தை எண்ணாமல் போடுவதும், அடுத்தவர் வந்து தீர்ப்பார் என்று காத்திருப்பதுமே கேடு. எழுதிய கணக்கு, வாங்கிய ரசீது, தவறாத தேதி ஆகிய மூன்றையும் விடாமல் பிடித்துக்கொண்டால், சில போகங்களில் சங்கத்தின் கதவு தானே திறக்கும்; நிலமும் கைவிட்டுப் போகாது.